சிவப்பு மையில் எழுதிய மூன்று சீட்டுகள்

கொலம்பியா
ஜூன் 6, 1993

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ரத்த அழுத்த மாத்திரையைக் காலைக் கஞ்சிக்குப் பிறகு போடுங்கள், முன்னால் அல்ல. இதை உங்களுக்குப் படித்துக்காட்டும் லூசில் அக்காவுக்கும் என் வணக்கம். அக்கா, பாம்பென்றால் நீங்கள் சாலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுவீர்கள் என்று தெரியும். எழுத்தில் இருக்கும் பாம்பு கடிக்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே என்னைச் சலவை அறையில் போட்டிருக்கிறார்கள். பதினெட்டு மாதத் தண்டனையில் பன்னிரண்டு நாள் கழிந்துவிட்டது. சாப்பாடு மோசமில்லை.

பின்னறைப் பாம்புகளை உங்கள் தலையில் கட்டிவிட்டு வந்துவிட்டேன். டைனா, பெர்ல் இரண்டும் இந்த மாதம் முட்டையிடும். ஈரப் பாசி போட்ட பெட்டியை இரண்டுக்கும் தனித்தனியாக வையுங்கள். இட்ட பிறகு முட்டைகளைச் சூடேற்றிய அலமாரிக்கு மாற்றுங்கள். வெப்பமானியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். ஊசி அந்தக் கோட்டில் நின்றால் போதும்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. டைனாவின் ஜோடி டீக்கன். அவனும் காட்டில் கிடைக்கிற சாதாரணச் சோளப் பாம்புதான். பெர்லின் ஜோடி பீச். அவன் உடம்பில் கருப்பே கிடையாது, கண்கூடச் சிவப்பு. ஆனால் பெர்லின் குட்டிகள் வெளியே பார்க்க டைனாவின் குட்டிகளைப் போலவேதான் இருக்கும். பீச்சின் நிறம் அவற்றின் உள்ளே ஒளிந்திருக்கும். வளர்த்து, ஜோடி சேர்த்து, மூன்று வருஷம் கழித்து அடுத்த தலைமுறையில்தான் அது வெளியே வரும். அதுவரை வாங்குகிறவருக்கு என் வார்த்தையைத் தவிர வேறு ஆதாரமில்லை. கெய்ன்ஸ்வில் ஃபென்விக் இரண்டு வருஷமாகப் பெர்லின் குட்டிகளுக்குக் காத்திருக்கிறார். இரண்டு கூட்டமும் கலந்துவிட்டால் பிரிக்க ஆண்டவனால்தான் முடியும்.

முட்டைகளைப் புரட்ட வேண்டாம்.

உங்கள் மகள்,
நடீன்

*

கூசவாட்ச்சி
ஜூன் 21, 1993

மகள் நடீனுக்கு உன் அப்பா ஓரன் டூட்டன் சொல்ல, லூசில் மால்ஃப்ரஸ் அவள் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுவது.

நான் நலம். முழங்கால் மழைக்கு முந்தின நாள் மட்டும் பேசும். நீ ஒழுங்காகச் சாப்பிடு.

டைனா பதினாலாம் தேதி பதிமூன்று முட்டை இட்டாள். பெர்ல் பதினெட்டாம் தேதி பதினொன்று. டைனாவுடையது மேல் தட்டில், பெர்லுடையது கீழ்த் தட்டில். ஊசி கோட்டில் நிற்கிறது.

முட்டையைப் புரட்டாதே என்று எனக்கா சொல்கிறாய்? ஒன்பது வயதில் ரயில் பாதையோரம் மட்கின பைன் கட்டைக்குள்ளிருந்து பதினாறு பாம்பு முட்டை எடுத்து வந்தேன். கோழி முட்டை மாதிரிதானே என்று தினம் இரண்டு வேளை புரட்டி வைத்தேன். ஒன்றுகூடப் பொரியவில்லை. அது 1926 ஆகஸ்ட். பெசி என்கிற கோவேறு கழுதை கால் ஒடித்துக்கொண்ட வாரம். அன்று செத்த பதினாறையும் இன்றைக்கும் எண்ணிச் சொல்வேன். ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுவிட்டேன். என் கையெழுத்தும் அதுதான் என்பதால் இருபத்து நாலு பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

போன ஞாயிறு கோயிலில் ஓசெல்லா என் முன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். நான் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டேன். ஹார்லன் செத்ததில் எனக்கு வருத்தமில்லையா? அவனும் நானும் பதினொரு வருஷம் ஒரே காட்டில் பைன் பிசின் வடித்தவர்கள். அவன் மனைவி என்பதற்காக மரியாதை உண்டு. ஆனால் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்த என் மகள் அன்று மத்தியானம் அவன் அறைக்குப் போகவே இல்லை, போய்ப் பார்த்ததாகப் பொய் எழுதி வைத்தாள் என்று கோர்ட்டில் ஏறிச் சொன்னவளோடு எனக்குப் பேச்சில்லை. வாசலில் நாலு பேர் கேட்க, "எங்க வீட்ல பொய் எழுதற ஆளே கெடையாது, நான் எழுதவே படிக்கலை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
அப்பா X

(நடீன், இது லூசில். அவர் சொன்னதற்கு எல்லாரும் சிரித்தார்கள். ஓசெல்லா சிரிக்கவில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.)

*

கொலம்பியா
ஜூலை 5, 1993

அன்புள்ள அப்பா,

எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. உங்கள் நலமும் லூசில் அக்கா நலமும் எழுதச் சொல்லுங்கள். முட்டைச் செய்தி கேட்டு இரண்டு நாள் தூக்கம் நன்றாக வந்தது.

மஞ்சளாகிச் சுருங்கி, பூஞ்சை பிடிக்கிற முட்டை கெட்ட முட்டை. அதை எடுத்துவிடலாம். மற்றதோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். குட்டிகளுக்கு அவித்த வேர்க்கடலை விற்கிற பிளாஸ்டிக் கோப்பைகளைக் கழுவி, மூடியில் ஊசியால் துளை போட்டு வையுங்கள். ஒரு கோப்பையில் ஒரு குட்டிதான். லூசில் அக்கா சீட்டு எழுதித் தரட்டும். டைனாவுக்கு நீல மை, பெர்லுக்குச் சிவப்பு மை. எழுத்துத் தெரியாவிட்டாலும் உங்களுக்கு நிறம் தெரியும்.

ஓசெல்லா அம்மாவிடம் வம்பு வேண்டாம், அப்பா. அவர் உட்கார்ந்தால் உட்காரட்டும்.

நடீன்

*

கூசவாட்ச்சி
ஆகஸ்ட் 17, 1993

மகளுக்கு அப்பாவின் ஆசி. நானும் நலம், நாயும் நலம். இந்த வெயிலில் நலமாயிருப்பதே பெரிய காரியம்.

டைனாவின் முட்டைகள் பதினோராம் தேதி கீறத் தொடங்கின. பெர்லுடையவை முந்தாநாள். முட்டைக்குள்ளிருந்து மூக்கை மட்டும் நீட்டி ஒரு நாள் முழுக்க உலகத்தை யோசித்துப் பார்க்கின்றன. பிடிக்காவிட்டால் திரும்பப் போய்விடலாம் என்று நினைக்கும் போல. டைனாவுக்குப் பன்னிரண்டு, பெர்லுக்குப் பத்து. இரண்டு முட்டை கெட்டுப்போனது. ஆக இருபத்திரண்டு. எல்லாம் பென்சில் கனம், சாம்பலும் செம்மண்ணும் கலந்த நிறம்.

லூசில் சீட்டெழுதினாள். உள்ளே வர மாட்டேன் என்று தபால்பெட்டி மேல் வைத்து எழுதினாள். "ஏய்யா ஓரன், ஒண்ணு தப்பிச்சு எங்க வீட்டுப் பக்கம் வந்துச்சுன்னா, உனக்கு இருக்கற ஒரே எழுத்தாளியையும் நீ இழந்துருவ" என்றாள். "வந்தா அதுக்கு நீதான் பயம் காட்டுவ" என்றேன். ஒவ்வொரு நீலச் சீட்டிலும் டைனாவின் பெயர். ஒவ்வொரு சிவப்புச் சீட்டிலும் பெர்லின் பெயரும், 'உள்நிறம் உண்டு' என்பதும்.

சீட்டு எனக்கு எதற்கு? ஒவ்வொன்றின் முகமும் தெரியும். 1931-ல் எங்கள் பிசின் முகாமில் இருந்த பதினேழு நாய்களையும் இன்றைக்கு வரிசையாகச் சொல்லட்டுமா?

ஹார்லன் போய் நேற்றோடு ஒரு வருஷம். ஓசெல்லா கல்லறையில் பூ வைத்திருக்கிறாள். நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

அப்பா X

*

கொலம்பியா
ஆகஸ்ட் 25, 1993

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை மடிப்புக் கிழிகிற வரை படித்துவிட்டேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் மாத்திரை தீர்வதற்குள் வாங்கிவிடுங்கள்.

பிறந்து ஒரு வாரம் பத்து நாளில் முதல் தோலை உரிக்கும். அதற்குப் பிறகுதான் சாப்பாடு. அன்றைக்குப் பிறந்த எலிக்குஞ்சு, கண் திறக்காதது. வேண்டாம் என்று முறைத்துக்கொள்கிற குட்டி இருந்தால், குஞ்சைக் கழுவி, பச்சை ஓணான் ஒன்றைப் பிடித்து அதன் முதுகில் தேய்த்துக் கொடுங்கள். வாசனைக்கு மயங்கும். எது சாப்பிட்டது, எது சாப்பிடவில்லை என்று கோப்பை வாரியாக எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

ஃபென்விக் அக்டோபர் ஒன்பதாம் தேதி வருகிறார். பெர்லின் பத்தையும் எடுத்துக்கொள்வார். அவர் இதுவரை யார் வார்த்தையையும் நம்பி வாங்கினதில்லை. கண்ணால் பார்த்த நிறத்தைத்தான் வாங்குவார். என் வார்த்தைக்காக முதல் தடவையாக வருகிறார். நான் இங்கே இருக்கிறேன் என்று தெரிந்தும் வருகிறார், அப்பா. அதைத்தான் தினம் நினைத்துக்கொள்கிறேன்.

நடீன்

*

கூசவாட்ச்சி
செப்டம்பர் 10, 1993

மகளுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன்.

வெண்டைக்காய் காய்ப்பு முடியவில்லை. லூசில் வீட்டுக் கூரையில் இரண்டு தகரம் பறந்தது, அடித்துக் கொடுத்தேன். ஆற்றில் மடவை மீன் ஏறியிருக்கிறது. 1940-ல் பெரும்புயல் அடித்த ஆகஸ்டுக்குப் பிறகு இப்படி ஏறி நான் பார்த்ததில்லை. அந்த வருஷம் ஹார்லன் தன் சட்டையையே வலையாக்கி நாற்பத்தொரு மீன் பிடித்தான். நாய்க்கு ஒரு காதில் புண், மருந்து போட்டிருக்கிறேன். வெண்டைக்காயை லூசில் ஊறுகாய் போடுகிறாள்.

குட்டிகள் இருபத்திரண்டும் நலம். தோல் உரித்துவிட்டன. பத்தொன்பது சாப்பிட்டன. மூன்றுக்கு ஓணான் வாசனை காட்ட வேண்டியிருந்தது.

மழை வரும் போலிருக்கிறது.

அப்பா X

(நடீன், அவர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் எழுதியிருக்கிறேன். மூன்று புதுச் சிவப்புச் சீட்டு எழுதித் தரச் சொல்லிப் போன வாரம் கேட்டார். பழையது என்ன ஆனது என்றேன். நனைந்துவிட்டது என்றார். எழுதிக் கொடுத்தேன். நான் எழுதுகிறவள் மட்டும்தான். லூசில்.)

*

கொலம்பியா
செப்டம்பர் 19, 1993

அப்பா,

நலம்தான். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

நாற்பத்தொரு மீனை எண்ணிச் சொன்னீர்கள். வெண்டைக்காயை இரண்டு தடவை சொன்னீர்கள். பெர்ல் என்ற பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பெர்லின் பத்தில் எத்தனை சாப்பிட்டது, டைனாவின் பன்னிரண்டில் எத்தனை சாப்பிட்டது என்று பிரித்துச் சொல்லச் சொன்னேன். பத்தொன்பது என்று கூட்டிச் சொல்லியிருக்கிறீர்கள். பிறந்ததிலிருந்து உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறவள் நான். நீங்கள் எதையும் கூட்டிச் சொல்கிற ஆளில்லை.

என்ன நடந்தது?

நடீன்

*

கூசவாட்ச்சி
அக்டோபர் 2, 1993

மகள் நடீனுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான். லூசிலை எதையும் விடாமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் இருபத்தாறாம் தேதி, வியாழக்கிழமை, கோப்பைகள் எல்லாவற்றையும் கழுவ எடுத்தேன். பாம்பு பிடிக்கிறவன் பழக்கம் உனக்குத் தெரியும். கையில் பாம்பிருந்தால் தலையணை உறையில் போட்டு முடிச்சுப் போடுவோம். எங்கள் அப்பா அப்படித்தான், நானும் அப்படித்தான். டைனாவின் பன்னிரண்டை ஓர் உறையில், பெர்லின் பத்தை இன்னோர் உறையில் போட்டு, ஒரே ஆணியில் மாட்டிவிட்டு வெளிக்குழாய்க்குப் போனேன். பெரிய பாம்புக்குப் போடுகிற முடிச்சைத்தான் போட்டேன். பென்சில் கனமுள்ளதற்கு அது முடிச்சே இல்லை, வாசல். திரும்பி வந்தபோது ஒன்பது குட்டிகள் தரையில். ஒன்று மாவு டப்பாவுக்குப் பின்னால். ஒன்பதையும் பிடித்துவிட்டேன். உறைகளில் மிச்சமிருந்தது டைனாவுக்கு எட்டு, பெர்லுக்கு ஐந்து.

ஒன்பதில் நாலு டைனாவுடையது, ஐந்து பெர்லுடையது. முகம் தெரியும் என்றேன் அல்லவா? அந்த ஒரு மணி நேரத்தில், உறையின் சொரசொரப்பில் உரசி உரசி, ஒன்பதில் பாதி தோலை உரித்துவிட்டிருந்தன. மங்கல் முகத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தவனுக்கு முன்னால் பளபளவென்று புதுச் சிவப்பில் வந்து நின்றால் என்ன செய்வேன்? ஆறை அடையாளம் கண்டுபிடித்தேன். அந்த ஆறுக்கும் என் தலையை வைப்பேன். மூன்று குட்டிகள் எனக்குத் தெரியவில்லை. கணக்குப்படி அதில் இரண்டு பெர்லின் பிள்ளை, ஒன்று டைனாவின் பிள்ளை. எது எது என்று தெரியாது.

மூன்றுக்கும் சிவப்புச் சீட்டு ஒட்டினேன். டைனாவின் கூட்டத்தில் ஒன்று செத்துவிட்டது, பெர்லின் கூட்டத்தில் நான் முன்பு எண்ணிச் சொன்னதைவிட ஒன்று கூட என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மூன்று வருஷம் கழித்துத்தானே தெரியும், அதற்குள் நானே இருக்க மாட்டேன் என்றும் நினைத்தேன். ஒரு மாதமாக அந்தச் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுத்துத் தெரியாதவன் சொன்ன பொய் எழுத்தில் இருக்கிறது. வெளியே போய் உன்னைப் பொய் சொல்லாதவள் என்று ஊருக்குச் சொல்கிறேன். உள்ளே வந்து இதை ஒட்டுகிறேன்.

லூசிலிடம் இன்றைக்குத்தான் சொன்னேன். பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "எங்கையால எழுத வெச்சியே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஃபென்விக் வருவதற்கு ஒரு வாரம் இருக்கிறது. என்ன செய்யட்டும், சொல். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

அப்பா X

*

கூசவாட்ச்சி
நவம்பர் 1, 1993

மகளுக்கு,

நாலு வாரமாக உன்னிடமிருந்து கடிதமில்லை. உடம்புக்கு என்னவோ என்று லூசில் சிறைக்குத் தொலைபேசி செய்தாள். நலமாக இருக்கிறாய் என்றார்கள். கோபம் என்றால் கோபம் என்று எழுது.

நீ சொல்லாததால் நானே செய்தேன். ஃபென்விக் வந்தார். நெட்டையான, சிரிக்காத மனுஷன். எட்டுக் குட்டிகளைக் காட்டி இவை பெர்லுடையவை என்றேன். மூன்றைத் தனியாக வைத்து, இவற்றில் இரண்டு பெர்லுடையவை, எவை என்று தெரியாது, என் தப்பு என்றேன். அவர் மூன்றையும் கையில் எடுத்து வயிற்றைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார். "தெரியாதுன்னு சொல்ற ஆளை இந்தத் தொழில்ல இப்பத்தான் பாக்கறேன்" என்றார். பதினொன்றையும் எடுத்துக்கொண்டார். அந்த மூன்றின் சிவப்புச் சீட்டைக் கிழித்துப்போட்டு, அவரே பென்சிலால் 'தெரியாது' என்று எழுதிக்கொண்டார். அப்படித்தான் எழுதியிருக்கிறது என்று லூசில் சொன்னாள். ஆம், லூசில் உள்ளே வந்தாள். கதவிலிருந்து இரண்டடி.

எழுது.

அப்பா X

*

கொலம்பியா
நவம்பர் 16, 1993

அன்புள்ள அப்பா,

உடம்பு நலம். கோபமில்லை. லூசில் அக்கா, இதைப் படிக்கும் முன் அவருக்கு ஒரு காபி கொடுங்கள். பிறகு நிறுத்தாமல் முழுசும் படியுங்கள். உங்கள் வாயால் அவர் இதைக் கேட்க வேண்டியிருப்பதற்கு என்னை மன்னியுங்கள். ஆறு வாரம் நான் எழுதாமலிருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்பா, ஹார்லன் ஐயா அறைக்கு நான் போகவில்லை.

பகல் பன்னிரண்டு மணிக்குப் போனேன். அதற்குப் பிறகு இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் போயிருக்க வேண்டும். 'பார்த்தேன், தூங்குகிறார்' என்று இரண்டு தடவை எழுதினேன். இரண்டையும் நாலு மணிக்கு மேல், ஒரே மூச்சில், ஒரே பேனாவில் எழுதினேன். அன்று காலை டைனாவின் போன வருஷ முட்டைகள் கீறத் தொடங்கியிருந்தன. அதைப் பார்க்க வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆறு மைல்தானே, அரை மணியில் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். ஒவ்வொன்றாக மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. உட்கார்ந்துவிட்டேன். ஐயா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்ததை ஐந்து மணிக்கு ஓசெல்லா அம்மாதான் பார்த்தார். கோர்ட்டில் அவர் சொன்னது ஒவ்வொன்றும் நிஜம்.

நீங்கள் அந்தக் கடிதத்தில், எழுத்தில் இருக்கிற பொய்யை ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னீர்கள். நான் பதினைந்து மாதமாகப் பார்க்கிறேன்.

அன்று நீங்கள் தோட்டத்தில் இருந்தீர்களா, ஆற்றுக்குப் போயிருந்தீர்களா என்று இன்றுவரை உங்களைக் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

நடீன்

*

கூசவாட்ச்சி
டிசம்பர் 12, 1993

மகளுக்கு,

குளிருக்கு நல்ல போர்வை கொடுத்திருக்கிறார்களா? எனக்கு ஒன்றுமில்லை. பதில் தாமதமானது என்னால்தான், லூசிலால் இல்லை. அவள் நிறுத்தாமல் படித்தாள். படித்து முடித்து என் காபியை அவளே குடித்தாள்.

நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். ஆகஸ்ட் பதினாறு, ஞாயிறு. நான் அவரைச் செடி வரிசையில் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். நீ இரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வண்டியை நிறுத்தினாய். நீல வேலைச் சட்டையோடு பின்வாசல் வழியாக உள்ளே போனாய். மூன்றே முக்காலுக்கு ஓடி வந்து வண்டியை எடுத்தாய். ஒரு காலணியின் நாடா அவிழ்ந்திருந்தது. கூப்பிட்டுச் சொல்ல நினைத்தேன், அதற்குள் போய்விட்டாய்.

வக்கீல் என்னைக் கேட்டபோது ஞாபகமில்லை என்றேன். பெசி கழுதையை ஞாபகம் வைத்திருக்கிறவன், முகாமின் பதினேழு நாய்களைச் சொல்கிறவன், ஞாபகமில்லை என்றேன். கிழவன்தானே என்று விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு கோயில் வாசலில் நின்று ஓசெல்லாவைப் பொய்க்காரியாக்கினேன். நீ செய்தது ஒரு மத்தியானம். நான் செய்தது ஒவ்வொரு ஞாயிறும். நீ ஒரு நாள் உண்மையைச் சொன்னால் நானும் சொல்லலாம் என்று இருந்தேன். பிள்ளை முன்னால் போகட்டும் என்று காத்திருக்கிற அப்பன் என்ன அப்பன்.

போன ஞாயிறு ஓசெல்லாவின் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அவள் எழுந்து போகவில்லை. பாட்டு முடிந்து எல்லாரும் வெளியே வந்தபோது, யாரிடம் என்ன சொல்லியிருந்தேனோ அவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி, நீ எழுதியதைச் சொன்னேன். நான் பார்த்ததையும் சொன்னேன். ஓசெல்லா என் கையைப் பிடிக்கவில்லை, திட்டவுமில்லை. "எனக்கு முன்னயே தெரியும், ஓரன். நீ சொல்லணும்னுதான் ஒவ்வொரு வாரமும் உம் முன்னாடி வந்து உக்காந்தேன்" என்றாள்.

பிறகு வண்டி வரை என்னோடு நடந்து வந்தாள். உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். அவள் சொன்னபடியே லூசிலை எழுதச் சொல்கிறேன்:

"அன்னைக்கு அவரு நல்ல வெள்ளச் சட்டை போட்டிருந்தாரு. கழுத்து வரைக்கும் அத்தனை பொத்தானும் போட்டிருந்துச்சு. ரெண்டு வருஷமா அவரு கை வெளங்காது, பொத்தான் போட முடியாது. நான் காலைல பாத்தப்ப பழைய பனியன்தான். அதை யாரு போட்டதுன்னு உம் மகளுக்குத் தெரியுமா? தெரிஞ்சா சொல்லச் சொல்லு. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லச் சொல்லு. ஆறுதலுக்கு எதையாச்சும் எழுத வேணாம்."

அப்பா X

*

கொலம்பியா
டிசம்பர் 18, 1993

அன்புள்ள அப்பா, லூசில் அக்கா,

உங்கள் இருவரின் நலத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன். இரண்டு போர்வை கொடுத்திருக்கிறார்கள். கீழே இருப்பதை ஓசெல்லா அம்மாவுக்கு அவர் வீட்டிலேயே படித்துக்காட்டுங்கள்.

அம்மா, சட்டையை நான்தான் போட்டுவிட்டேன். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுத் தட்டோடு போனேன். சோள ரொட்டியில் பாதி சாப்பிட்டார். இன்று ஞாயிறுதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப சாயங்காலமும் ஓசெல்லா வருவா. அந்த வெள்ளச் சட்டைய எடு" என்றார். வலது கையை நான் தூக்கிப் பிடித்து நுழைத்தேன். கீழேயிருந்து பொத்தான் போட்டு வந்து மேல் பொத்தானை விட்டுவிட்டேன், வெயிலாக இருக்கிறதே என்று. "அதையும் போடு. அவ பாத்தா கேப்பா" என்றார். போட்டேன். கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டார். நான் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அவர் சிரித்தாரா என்று நினைவில்லை. எனக்கு ஏதாவது நன்றி சொன்னாரா என்பதும் நினைவில்லை. அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னார், யாரைக் கூப்பிட்டார், எப்போது விழுந்தார் என்று எனக்குத் தெரியாது. நான் அங்கே இல்லை.

நடீன் டூட்டன்